தென்னாப்பிரிக்காவில் 55 வயதுக்கு மேல் மெடிக்கல் எய்டில் (மாதக் கட்டண மருத்துவக் காப்பில்) சேர்வது வீணா? தேசிய சுகாதாரக் காப்பீடு (என்எச்ஐ) வரும்வரை பொறுக்கலாமா?

சாட்ஸ்வர்த்_மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 55. இருவருக்கும் இப்போது மெடிக்கல் எய்ட் கிடையாது. அப்பாவுக்கு 26 வயதிலிருந்து 38 வரை வேலையிடத்து மெடிக்கல் எய்ட் இருந்தது. தொழிற்சாலை மூடியதோடு அதுவும் போயிற்று. அம்மா பெயரில் எதுவும் இருந்ததில்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மாத்திரை கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. இருவருக்கும் சேர்த்து மாதம் 5,000 ராண்ட் வரை கட்டலாம், அதற்கு மேல் முடியாது.

தெரியவேண்டியவை: லேட் ஜாய்னர் அபராதம், அதாவது வயதானபின் சேருவோருக்கான கூடுதல் கட்டணம், எவ்வளவு வரும்? ஒருவர் 75 விழுக்காடு என்கிறார், இன்னொருவர் 25 என்கிறார். இரண்டாவது, பாதி விலைக்கு "ஹாஸ்பிட்டல் இன்ஷூரன்ஸ்" என்று விற்கிறார்களே, அது போதாதா? மூன்றாவது, என்எச்ஐ சட்டம் கையெழுத்தாகிவிட்டது. நாளை எல்லோருக்கும் இலவசம் என்றால் இப்போது கட்டும் பணம் தண்டம்தானே?

வெருலம்_கணக்கர்:

தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதும் அவரவர் கணக்கில் சரியாக இருக்கலாம். 35 வயது ஆனபின் சேரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு. இன்றைய வயதிலிருந்து 35-ஐக் கழியுங்கள், மெடிக்கல் எய்டில் இருந்த ஆண்டுகளையும் கழியுங்கள். மிச்சம் 1 முதல் 4 என்றால் 5 விழுக்காடு. 5 முதல் 14 வரை 25. 15 முதல் 24 வரை 50. 25-ம் அதற்கு மேலும் 75. இந்த விழுக்காடு கட்டணத்தின் ரிஸ்க் பகுதி (பொதுக் காப்புக்குப் போகும் பணம்) மேல்தான், சேவிங்ஸ் பகுதி (உங்கள் பெயரில் சேரும் பணம்) மேல் கிடையாது. ஒருமுறை விழுந்தால் ஆயுசுக்கும் கூடவே வரும். வேறு ஸ்கீமுக்கு, அதாவது வேறு மெடிக்கல் எய்ட் நிறுவனத்துக்கு, மாறினாலும் போகாது.

அப்பா: 58-ல் 35 போக 23. பழைய 12 ஆண்டைக் கழித்தால் 11. ஆக 25 விழுக்காடு. ஆனால் அந்த 12 ஆண்டைக் காட்டாவிட்டால் 23 அப்படியே நிற்கும், 50 விழுக்காடு. அம்மா: 55-ல் 35 போக 20, ஆக 50.

"அம்மா பெயரில் எதுவும் இல்லை" என்கிறீர்கள். அப்பாவின் கார்டில் அம்மா டிபெண்டன்டாக இருந்தாரா? சார்ந்தவராக இருந்த காலமும் எண்ணப்படும். 21 வயதுக்கு முன் சார்ந்திருந்த காலம் மட்டும் சேராது. 25 வயதிலிருந்து 35 வரை அப்பாவின் கார்டில் இருந்திருந்தால் 10 ஆண்டு கழியும், மிச்சம் 10, அம்மாவுக்கும் 25 விழுக்காடுதான்.

உங்கள் 5,000-க்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஓர் ஆப்ஷனில் (ஸ்கீம் தரும் திட்டங்களில் ஒன்றில்) தலைக்கு 2,000 ராண்ட் ரிஸ்க் கட்டணம் என்று வைப்போம். இருவருக்கும் 25 விழுக்காடு என்றால் மொத்தம் 5,000. இருவருக்கும் 50 என்றால் 6,000. ஒரு பழைய கடிதம் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000.

அந்தக் கடிதத்துக்குப் பெயர் மெம்பர்ஷிப் சர்டிஃபிகேட். பழைய ஸ்கீமிடம் கேளுங்கள். அது வேறொன்றோடு இணைந்திருந்தால், இணைத்துக்கொண்ட ஸ்கீமிடம் கேளுங்கள். எந்த ஸ்கீம் எதோடு இணைந்தது என்பதை ஸ்கீம்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம் கவுன்சிலில், அதாவது சிஎம்எஸ்ஸில், விசாரிக்கலாம். அந்தக் காலத்தில் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று மெடிக்கல் ஸ்கீம் வேலையையே செய்த நிதிகளும் கணக்கில் சேரும், ஆகவே "அது ஃபேக்டரி ஃபண்ட்தானே" என்று விட்டுவிடாதீர்கள். தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால், தேடிய விவரத்தோடு சத்தியப் பத்திரம் கொடுக்க விதியிலேயே இடம் உண்டு. சேர்ந்தபின் ஆதாரம் கிடைத்தாலும் ஸ்கீம் மறுகணக்குப் போட்டாக வேண்டும். ஆனால் ஆதாரம் கொடுத்த நாளிலிருந்துதான் குறையும், முன்பு கட்டியது திரும்பாது.

அடுத்தது காத்திருப்பு. 90 நாளுக்கு மேல் எந்த ஸ்கீமிலும் இல்லாதவருக்கு 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதமும் விதிக்கலாம். இந்தப் பிரிவினருக்கு அது பிஎம்பிக்கும், அதாவது எல்லா ஸ்கீமும் கட்டாயம் தர வேண்டிய அடிப்படைச் சிகிச்சைக்கும், பொருந்தும். அம்மாவின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முதல் ஆண்டில் ஒன்றும் கிடைக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். "விதிக்கலாம்" என்பதுதான் சட்டம், கட்டாயமில்லை; தள்ளுபடி கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

இன்னொன்றை ப்ரோக்கர்கள் சொல்வதே இல்லை. 2003-ன் தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி அரசு கிளினிக்கின் ஆரம்ப சிகிச்சை மெடிக்கல் எய்டில் இல்லாதவர்களுக்குத்தான் இலவசம். அம்மா சேர்ந்த மறுநாள் அந்த உரிமை சட்டப்படி போய்விடும். அந்த 12 மாத மாத்திரைச் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டோங்காட்_மருந்துக்கடை:

கணக்கர் ஐயா செலவைச் சொல்லிவிட்டார், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று நான் எழுதுகிறேன்.

மலிவான ஹாஸ்பிட்டல் பிளான் (முக்கியமாக ஆஸ்பத்திரிச் செலவுக்கான ஆப்ஷன்) என்றாலும், அது 1998-ன் மெடிக்கல் ஸ்கீம் சட்டத்தில் பதிவானதென்றால் பிஎம்பி கொடுத்தே ஆக வேண்டும். சுமார் 270 நோய்-சிகிச்சை ஜோடிகள், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான அவசரநிலைகள், நாள்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா, தைராய்டு குறைவு, கிளாக்கோமா எல்லாம் பட்டியலில் உண்டு. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உண்டு, ஆனால் வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் இல்லை. கண்புரை அறுவை பிஎம்பி. இடுப்பெலும்பு முறிந்தால் பிஎம்பி. தேய்ந்துபோய் மாற்றினால் பெரும்பாலும் இல்லை, அங்கே ஆப்ஷனின் சொந்த விதிதான். கட்டி வகைப் புற்றுநோய்க்கு "குணப்படுத்தத் தக்கது" என்ற வரையறை இருக்கிறது: தோன்றிய உறுப்பைத் தாண்டி அடுத்த உறுப்புக்கோ தொலைவுக்கோ பரவாமல், உறுப்பு மீளமுடியாமல் சிதையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சிகிச்சையில் ஐந்தாண்டு பிழைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் என்று நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

பிஎம்பிக்கு ஸ்கீம் முழுச் செலவையும் தர வேண்டும், உங்கள் சேவிங்ஸிலிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் டிஎஸ்பி என்று ஸ்கீம் நியமித்த டாக்டரிடமும் ஆஸ்பத்திரியிலும் போனால்தான். விருப்பப்பட்டு வேறிடம் போனால் கோ-பேமென்ட், அதாவது பில்லில் உங்கள் பங்கு, விழும். டிஎஸ்பியில் அந்தச் சேவை இல்லை, அல்லது நியாயமற்ற தாமதம், அல்லது அருகில் டிஎஸ்பியே இல்லை, அல்லது உடனடி சிகிச்சை தேவைப்பட்டு வேறு வழியில்லை என்றால் அது விருப்பமில்லாமல் போனதாகக் கருதப்படும், அப்போது முழுச் செலவும் ஸ்கீமுடையது. சில மலிவு ஆப்ஷன்களில் டிஎஸ்பியே அரசு ஆஸ்பத்திரிதான். கையெழுத்துப் போடுமுன் இதை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். பிரைவேட் என்று நினைத்துக் கட்டிவிட்டுக் கடைசியில் ஸ்டேட் வரிசையில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

பணம் தவறான பையிலிருந்து போவது குறியீட்டால். நாள்பட்ட நோய்க்கு டாக்டர் தனி விண்ணப்பம் நிரப்பி ஸ்கீமில் பதிய வேண்டும். பதியாதவரை எல்லாம் சாதாரண மருந்துச் செலவுதான். பதிந்தபிறகும் ஒவ்வொரு பில்லிலும் ஐசிடி எனும் நோய்க் குறியீடு அந்த நோயையே சொல்ல வேண்டும்: சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு ஈ11.9, பிரஷருக்கு ஐ10. ரிசப்ஷனில் அவசரத்துக்கு இசட்76.0 என்று போட்டால், அது "பழைய சீட்டை மறுபடி எழுதியது" என்று மட்டும்தான் பொருள்படும். சிஸ்டம் அதை சேவிங்ஸில் கழித்துவிடும், ஹாஸ்பிட்டல் பிளான் என்றால் உங்கள் பையில். பில்லைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், கோபப்பட வேண்டியதில்லை. எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் டாக்டர் வருகையும்கூட நாள்பட்ட நோய்ப் பராமரிப்பில் சேரும். மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் அரசிதழில் வெளியான சிகிச்சை வரிசை இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை, இன்சுலின். எல்லோரும் இப்போது கேட்கும் வாராந்திர ஊசி அதில் இல்லை. கம்பெனி மருந்துதான் வேண்டுமென்றால் ஜெனரிக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுடையது.

"ஹாஸ்பிட்டல் இன்ஷூரன்ஸ்" வேறு ஜாதி. அது மெடிக்கல் ஸ்கீம் அல்ல, பிஎம்பி கடமை அதற்கில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தருவது. மெடிக்கல் ஸ்கீம் எது, இன்ஷூரன்ஸ் எது என்று பிரிக்க 2017 ஏப்ரலில் வந்த எல்லை விதிகளில் அதற்கு நாளுக்கு 3,000 ராண்ட் என்று உச்சவரம்பு வைத்துத் தொடங்கினார்கள், பணவீக்கத்தோடு உயர்கிறது. ஐசியு பில்லுக்கு முன்னால் அது டீச்செலவு. வரிச் சலுகையும் அதற்குக் கிடையாது. அரசியல் சாசனத்தின் 27-ம் பிரிவின்படி அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நிலைமை சீரானதும் பிரைவேட் ஆஸ்பத்திரி டெபாசிட் கேட்கும், இல்லாவிட்டால் ஸ்டேட்டுக்கு மாற்றும்.

மெரிபேங்க்_மாரி:

எல்லோரும் எப்படிக் கட்டுவது என்றே பேசுகிறீர்கள், ஏன் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாட்டில் நூற்றில் சுமார் 16 பேரிடம்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. சுகாதாரத்துக்கு நாடு செலவிடும் பணத்தில் ஏறக்குறைய பாதி அந்த 16 பேருக்குப் போகிறது. மீதி 84 பேர் ஆர்.கே.கான், மகாத்மா காந்தி போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் விடியற்காலையே வரிசையில். என்எச்ஐ இதைத்தான் ஒரே நிதியாக்கப் பார்க்கிறது. 2025-க்கு விலையேற்றத்தை 4.4 விழுக்காட்டுக்குள் வையுங்கள், கூடுதல் பயன்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று சிஎம்எஸ் சொன்னது. ஆனால் ஸ்கீம்கள் ஏற்றியது: டிஸ்கவரி சராசரி 9.3, போனிடாஸ் 10.2, அரசு ஊழியர்களின் ஜெம்ஸ் 13.4. சம்பளம் அப்படியா ஏறுகிறது? சாட்ஸ்வர்த் தங்கச்சி, இந்தக் கயிற்றில் ஏறினால் பத்தாண்டில் 5,000 எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடுங்கள்.

வெருலம்_கணக்கர்:

மாரி அண்ணா, கோபம் நியாயம்தான். ஆனால் "என்எச்ஐ வருகிறது, ஆகவே சேராதே" என்பது கோபத்திலிருந்து வரும் முடிவு, சட்டத்திலிருந்து அல்ல. 2023-ன் 20-ம் எண் சட்டமான என்எச்ஐ சட்டத்தில் 2024 மே 15 அன்று அதிபர் கையெழுத்திட்டார், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால். (தேதியைப் பற்றி அவரவர் நினைத்துக்கொள்ளலாம்.) கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. ஒவ்வொரு பிரிவும் அதிபர் அறிவிக்கும் தேதியில்தான் உயிர்பெறும், வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு தேதியும் வைக்கலாம். எல்லோரும் பயப்படும் 33-ம் பிரிவு, என்எச்ஐ முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் மெடிக்கல் ஸ்கீம்கள் அந்த நிதி கொடுக்காத சேவைகளுக்கு மட்டுமே காப்பு தரலாம் என்கிறது. "முழுமையாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2011-ல் பச்சை அறிக்கை, 2012-ல் முன்னோட்ட மாவட்டங்கள், நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் உம்குங்குண்ட்லோவு உட்பட. 2017-ல் வெள்ளை அறிக்கை, 2019-ல் மசோதா. இந்த வேகத்தை வைத்து 58 வயதுக்காரர் சேராமல் காத்திருப்பது சரியல்ல. பணத்துக்கும் 49-ம் பிரிவு சம்பள வரி, வருமான வரி மேல்வரி, மெடிக்கல் எய்ட் வரிச் சலுகையை எடுத்துத் திருப்புவது என்று வழிகளைத்தான் சொல்கிறது. வரி விதிக்கத் தனிப் பண மசோதா வர வேண்டும். மருத்துவர் சங்கங்கள், ஆஸ்பத்திரி சங்கம், தொழிற்சங்கம் என்று ஆளாளுக்கு வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

காத்திருந்தால் அபராதப் படி மட்டும் ஏறும். அப்பா இப்போது 11-ல் இருக்கிறார். இன்னும் நான்கு ஆண்டு தள்ளினால் 15, உடனே 50 விழுக்காட்டுப் படி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_வாசகன்:

விலை ஏன் ஏறுகிறது என்பதை மாரி அண்ணா பேராசை என்று முடித்துவிட்டார். பாதிதான் சரி. 2000 ஜனவரியிலிருந்து ஓபன் ஸ்கீம் (பொதுமக்கள் யாரும் சேரக்கூடியது) எவரையும் மறுக்கக் கூடாது, வயதையோ நோயையோ வைத்துக் கட்டணம் வைக்கவும் கூடாது. நல்ல விதி. ஆனால் இதோடு சேர்ந்து வரவேண்டிய இரண்டு துணை விதிகள் வரவே இல்லை: வருமானம் உள்ளோர் எல்லோரும் சேர வேண்டும் என்ற கட்டாயமும், இளையோர் நிறைந்த ஸ்கீம் முதியோர் நிறைந்த ஸ்கீமுக்கு ஈடுசெய்யும் நிதியும். நான்கு கால் மேசையைச் செய்யச் சொல்லி இரண்டு கால் மட்டும் கொடுத்த கதை. 25 வயது ஆள் சேருவதில்லை, நோய் வந்தவர் சேருகிறார், சராசரிச் செலவு ஏறுகிறது, ஏறியதைப் பார்த்து அடுத்த ஆரோக்கியமானவர் விலகுகிறார். லேட் ஜாய்னர் அபராதமே இந்த ஓட்டையை அடைக்க வைத்த துணிதான்.

டாக்டர் கட்டணம் இன்னொரு கதை. 2010-ல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தேசிய பரிந்துரை விலைப்பட்டியலை ரத்து செய்தது. அதன்பின் நாட்டுக்கென்று ஒரு வழிகாட்டி விலையே இல்லை. ஸ்கீம் தன் "100 விழுக்காடு" டாக்டர் கட்டணம் என்ன என்று தானே முடிவு செய்கிறது, மயக்கமருந்து டாக்டர் 200, 300 என்று போடுகிறார். அந்த இடைவெளிக்குத்தான் கேப் கவர் என்று தனிக் காப்பு விற்கிறார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சாண்டிலே ங்கோபோ தலைமையில் நடந்த சுகாதாரச் சந்தை விசாரணை 2019 செப்டம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. மூன்று ஆஸ்பத்திரிக் குழுமங்கள் சந்தையைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஆப்ஷன்கள் ஒப்பிடவே முடியாதபடி குழப்பமாக இருக்கின்றன, எல்லா ஸ்கீமும் ஒரே அடிப்படைப் பொதி விற்க வேண்டும், ஆபத்தைச் சமன்செய்யும் நிதி வேண்டும் என்றது. அதைச் செய்திருந்தால் என்எச்ஐ சண்டை பாதியாவது அடங்கியிருக்கும். அரசு பெரிய வீட்டின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒழுகும் கூரையை யாரும் அடைக்கவில்லை.

மெரிபேங்க்_மாரி:

சரி, சேர வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 16, 84 என்று சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

சாட்ஸ்வர்த்_மகள்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா அப்பாவின் கார்டில் 25 வயதிலிருந்தே இருந்திருக்கிறார், கார்டில் பெயர் இருக்கிறது. எனக்கு வேலையிடத்தில் மெடிக்கல் எய்ட் உண்டு. தனியாக எடுப்பதா, என்னுடையதிலேயே இருவரையும் சேர்ப்பதா? ஃபாரத்தில் அம்மாவின் சர்க்கரையை எழுதாமல் விட்டால் 12 மாதம் மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னார்.

வெருலம்_கணக்கர்:

கடைசியில் கேட்டதற்கு முதலில்: விடாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் ஆலோசனையோ மருந்தோ பெற்ற எல்லாவற்றையும் எழுத வேண்டும். முக்கியத் தகவலை மறைத்தால் உறுப்பினர் பதவியையே ரத்து செய்ய ஸ்கீமுக்கு உரிமை உண்டு. அது தெரியவருவது பெரும்பாலும் பெரிய பில் வரும் நாளில்தான். பழைய பில்களையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அன்றுதான் தோண்டுவார்கள்.

உங்களுடையதில் சேர்க்க முடிந்தால் அதுவே முதல் தெரிவு. ஸ்கீம் விதியில் பெற்றோரைச் சார்ந்தவராக ஏற்கிறார்களா, பணரீதியாக உங்களைச் சார்ந்திருப்பதற்கு என்ன சான்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். சத்தியப் பத்திரமும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பது வழக்கம். பெரும்பாலான ஆப்ஷன்களில் பெரியவர் டிபெண்டன்ட் கட்டணம் பிரதான உறுப்பினர் கட்டணத்தைவிடக் குறைவு. அபராதமும் காத்திருப்பும் அப்படியேதான் விழும், ஆனால் அவர்கள் பங்குக்கு மட்டும்; உங்கள் பங்கு ஏறாது. பெற்றோருக்கு எஜமானர் பங்கு தருவாரா என்று எச்ஆரில் தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் மனைவி-பிள்ளைக்கு மட்டும்தான்.

வரிக்கு 2025/26 வரியாண்டுக் கணக்கில் முதல் இருவருக்கு மாதம் தலைக்கு 364, அடுத்த ஒவ்வொருவருக்கும் 246 ராண்ட். உங்கள் கார்டில் நீங்கள் ஒருவரே இருந்தால், பெற்றோரைச் சேர்ப்பதால் 364-ம் 246-ம், ஆக மாதம் 610, ஆண்டுக்கு 7,320 ராண்ட் வரி குறையும். வேலையிடத்துச் சம்பளப் பிரிவில் சொல்லிவிட்டால் மாதாமாதம் கழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வரித்துறையான சார்ஸில் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும்போது.

டோங்காட்_மருந்துக்கடை:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். விண்ணப்பத்துக்குப் பதிலாக வரும் கடிதத்தில் ஒவ்வொருவருக்கும் அபராத விழுக்காடு, காத்திருப்பு முடியும் தேதி, விலக்கிய நோயின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். "சர்க்கரை மற்றும் தொடர்புடையவை" என்று மழுப்பி எழுதியிருந்தால் தொடர்புடையவை எவை என்று எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் நாளை சிறுநீரகம், கண், கால் எல்லாம் அதற்குள் போய்விடும். பதில் திருப்தி இல்லையென்றால் முதலில் ஸ்கீமின் பிரின்சிபல் ஆபீசருக்கு எழுதுங்கள், அதன்பின் சிஎம்எஸ்ஸில் புகார். கட்டணம் கிடையாது, ஸ்கீம் பதிலளிக்க 30 நாள். கடிதங்களைத் தேதிவாரியாக வையுங்கள், போனில் பேசினால் ரெஃபரன்ஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த்_மகள்:

சரி அண்ணா. திங்கட்கிழமை பழைய ஸ்கீமுக்குக் கடிதம் போடுகிறேன், கார்டின் நகலோடு.